கொடையும் கணக்கும்: தஞ்சைப் பெருங்கோயிலும் முதலாம் இராசராசனின் கலைப்புரவலமும்

கலை வரலாறு எழுதுவோர் மத்தியிலே 'புரவலர்' என்னும் சொல் நெடுங்காலமாக விசாரணை எதற்கும் உட்படாது வழங்கி வருகின்றது. அரசன் கொடுத்தான், கலைஞன் பெற்றான், கலை வளர்ந்தது என்ற மூன்று கூற்றுகளும் அச்சொல்லினுள்ளே அடங்கிக் கிடக்கின்றன. முதலாம் இராசராசன் (ஆட்சிக்காலம் 985–1014) தஞ்சையிலே எடுப்பித்த இராசராசேச்சுரம் பற்றிப் பாடப்புத்தகம் முதல் ஆராய்ச்சி நூல் வரை எழுதப்பட்டனவற்றுட் பெரும்பாலானவை இம்மூன்று கூற்றுகளையும் ஏற்றுக்கொண்டே மேற்செல்வன. கொடுக்கப்பட்டது எது, அது எவரிடமிருந்து வந்தது, பெற்றவர் எந்நிலையில் நின்று பெற்றார் என்பன அவற்றிற் கேட்கப்படுவது அருமை. அவ்வினாக்களை எழுப்புவதற்கு வெளியிலே சான்று தேடவேண்டியதும் இல்லை. தன் வரவையும் செலவையும் இத்துணை விரிவாகக் கல்லில் எழுதி வைத்துக்கொண்ட கோயில்கள் மிகச் சிலவே. ஓர் இலக்கியப் பனுவலை வாசிப்பதுபோல அச்சாசனங்களை வாசித்து, புரவலம் என்னும் கருத்தைச் சோதித்துப் பார்ப்பதே இக்கட்டுரையில் நாம் செய்ய விரும்புவது.

இக்கோயிலை அணுகிய பார்வைகளுட் செல்வாக்கு மிக்கது பொற்காலப் பார்வையாகும். நீலகண்ட சாஸ்திரியார் 1935 முதலாக வெளியிட்ட சோழர் வரலாறு, பேரரசின் நிருவாகத் திறனை மையமாக வைத்து, அப்பார்வைக்கு அறிவுலக அங்கீகாரத்தைத் தேடிக் கொடுத்தது. சாஸ்திரியார் சாசனங்களை நுணுகிக் கற்றவர். அவர் ஒழுங்குபடுத்திய தரவுகளின்றி இன்று நாம் எதையும் எழுத இயலாது. ஆயினும் அவர் கண்ட திறமை ஆளுவோரின் திறமையாகவே இருந்தது. பின்னர் மொழியுணர்வு சார்ந்த அரசியல் அத்திறமையை இனத்தின் திறமையாக மாற்றிக்கொண்டது. 1950 முதல் 1954 வரை தொடராக வெளிவந்த கல்கியின் 'பொன்னியின் செல்வன்', கதாநாயகன் அரியணை ஏறுவதற்கு முன்னரே முடிந்துவிடுகின்றது. எனினும் தமிழகத்திலும் ஈழத்திலும் சாதாரண வாசகர் உள்ளத்திலே இராசராசனின் உருவத்தை வடித்தது சாசனத் தொகுதிகளிலும் பார்க்க அந்நாவலே என்பதில் ஐயமில்லை.

எமது முற்போக்கு வட்டத்திலேயே வழங்கும் பார்வை ஒன்றையும் இவ்விடத்திற் சொல்லித்தான் ஆகவேண்டும். பெருங்கோயில் சுரண்டலின் சின்னம். கல் சுமந்தவரின் பெயர் அங்கு இல்லை. ஆகவே அதுபற்றி மேற்கொண்டு பேச என்ன இருக்கின்றது என்பது அப்பார்வை. கல் சுமந்தவர் யார் என்ற கேள்வி ஒருகாலத்திற் கூர்மையானதாக இருந்தது. இன்று அது மேடைகளிலே எளிதிற் கைதட்டுப் பெறும் கேள்வியாகிவிட்டது. அதனைக் கேட்டதோடு பணி முடிந்ததாகக் கருதுவோர், அக்கோயிலின் சாசனங்களிலே நூற்றுக்கணக்கான சாதாரண மனிதரின் பெயர்கள் இருப்பதை அறியார். கேட்கப்படவேண்டியது அப்பெயர்கள் அங்கு எவ்வாறு வந்தன என்பதே. சோழர் காலத்துத் தத்துவத்தையும் பேரரசின் தேவைகளையும் ஒன்றாக வைத்து நோக்கும் வழியைக் கைலாசபதி தமது 'பண்டைத் தமிழர் வாழ்வும் வழிபாடும்' (1966) என்ற நூலிலுள்ள 'பேரரசும் பெருந்தத்துவமும்' என்னும் கட்டுரையிலே திறந்து வைத்தார். அக்கட்டுரையின் முதன்மைக் கவனம் சைவசித்தாந்தத்தின் மீது அமைந்தது. கோயிற் கலைகள் பற்றி அவ்வழியிலே செய்யவேண்டியது இன்னும் மிகுதியாக உண்டு.

இராசராசனின் 25 ஆம் ஆட்சியாண்டின் 275 ஆம் நாளில், அதாவது 1010 இல், விமானத்தின் உச்சியில் வைப்பதற்கான செப்புக்குடம் அளிக்கப்பட்டது. இருநூறு அடி அளவில் உயர்ந்து நிற்கும் விமானம் அத்துடன் நிறைவெய்தியதாகக் கொள்வர். தானும் தன் தமக்கையும் தன் தேவியரும் பிறரும் கொடுத்தவற்றை எல்லாம் விமானத்திற் கல்லிலே வெட்டுமாறு அரசன் ஆணையிட்டான் என அடித்தளச் சாசனம் கூறுகின்றது. அவ்வாணையில் அரசன் தன்னை 'நாம்' என்றே சுட்டிக்கொள்கின்றான். ஆராய்ச்சிக் கட்டுரை எழுதும் நாமும் அதே சொல்லாலேயே எம்மைச் சுட்டிக்கொள்வது வழக்கம். அந்த ஒற்றுமை எமக்குச் சிறிது கூச்சத்தையே தருகின்றது.

அவ்வாணையின் கருத்தைச் சற்று நின்று நோக்கவேண்டும். கொடுத்தோர் எவர் என்பதே சாசனம் பொறிப்பதற்கான அடிப்படை. அரசனில் தொடங்கி, தமக்கை குந்தவை வழியாகத் தேவியர், அதிகாரிகள் என இறங்குகின்றது அவ்வரிசை. விளைவித்தவன் அவ்வரிசையில் எங்கும் நிற்பதில்லை. ஆயின் கொடையை நிறைவேற்றுவதற்கு அவன் தேவைப்படுகின்றான். ஆகையால் கொடுத்தோரின் பெயரால் எழுதத் தொடங்கிய சாசனம், சிறிது தூரம் சென்றதும் ஊர்கள், நிலங்கள், இடையர்கள், வட்டிக்குக் காசு பெற்ற சபைகள், நெல் அளக்கும் கருவிகள் என விரிந்துவிடுகின்றது. புகழ்ச்சியாகத் தொடங்கிக் கணக்காக முடிகின்ற இவ்வியல்பே தஞ்சைச் சாசனங்களுக்குரிய தனிச்சிறப்பாகும்.

இதற்கு மிகச் சிறந்த எடுத்துக்காட்டு 'ஆடவல்லான்' என்னும் பெயர். ஆடவல்லான் என்பது கூத்தப்பெருமானின் திருநாமம். செப்புத் திருமேனியாக அக்கோயிலில் எழுந்தருளுவிக்கப்பட்ட இறைவனின் பெயர். அதே பெயர் பொன் நிறுக்கும் கல்லுக்கும் வழங்கியது. நெல் அளக்கும் மரக்காலுக்கும் ஆடவல்லான் என்றே பெயர். அளவுக் கருவிக்கு இறைவன் பெயரிடுதல் பக்தியின் வெளிப்பாடு என்று விளக்குவோர் உண்டு. அது அவ்வாறும் ஆகலாம். ஆனால் கிராமத்து உழவன் நிலையில் நின்று பார்த்தால் நிகழ்ந்தது என்ன? களத்துமேட்டில் அவன் நெல்லை அளந்து எடுத்துச் செல்லும் கருவி ஆடவல்லான். கோயிலிலே அவன் கண்டு உருகவேண்டிய ஆடலின் பெயரும் ஆடவல்லான். அளவின்மீது ஐயம் எழுப்புவது இறைவன்மீது ஐயம் எழுப்புவதாகிவிடுகின்றது. கருத்துநிலை என்பது உற்பத்தி உறவுகளின் மேலே மிதக்கும் ஒரு மேகம் என்று எண்ணுவோருக்கு இம்மரக்காலை நாம் காட்ட விரும்புகின்றோம். அது மரத்தாலோ உலோகத்தாலோ ஆகிக் கையிற் பிடிக்கத்தக்கதாய் இருந்த கருத்துநிலை.

அரசன் கொடுத்தவற்றை மூலம் நோக்கி இரண்டாகப் பிரிக்கலாம். ஒன்று போரிற் கவர்ந்த பொருள். சேரரையும் பாண்டியரையும் வென்று கொண்ட பண்டாரத்திலிருந்தும் சத்தியாசிரயனை வென்று கொண்டதிலிருந்தும் பொற்பூக்களும் கலன்களும் செய்து கொடுத்ததைச் சாசனங்கள் மறைக்கவில்லை, பெருமையாகவே கூறுகின்றன. மற்றையது கிராமங்களிலிருந்து ஆண்டுதோறும் வரும் நெல்லும் காசும். வரலாற்றாசிரியர் கவனம் பெரும்பாலும் முன்னையதிலேயே செல்வதுண்டு. பொன் கண்ணைப் பறிப்பது இயல்புதானே. எனினும் பொன் அணிகலனாக உறைந்துவிடுவது. கோயிலை நாளும் இயக்கியது நெல்லேயாகும். அந்நெல்லைக் கணித்தறியும் வழி கோயிலுக்கு முன்னரே அமைக்கப்பட்டுவிட்டது. 1001 ஆம் ஆண்டை ஒட்டி நடைபெற்ற நிலஅளவை, உலகளந்த கோல் கொண்டு சோழமண்டலத்து நிலத்தை வேலியின் மிக நுண்ணிய பின்னங்கள் வரை அளந்தது. கோபுரத்தையும் விமானத்தையும் தாங்குகின்ற உண்மையான அடித்தளம் அந்த அளவையே என்று கூறுவது மிகையாகாது. கற்றச்சனின் நூல் தஞ்சை மண்ணிலே பிடிக்கப்படுமுன், அரசனின் கோல் காவிரிப்படுகையின் வயல்களிலே பிடிக்கப்பட்டுவிட்டது.

கோயிலுக்கு ஊர்களை விட்டுக்கொடுக்கும் சாசனங்கள் ஒவ்வோர் ஊரிலும் இறையிலியாகக் கழிக்கப்பட்ட நிலங்களைக் கூறும் பகுதி, கலை வரலாற்றாசிரியர் எவரும் நின்று படிக்காத பகுதி. ஊர்நத்தம், கோயில்கள், குளங்கள், ஊடறுத்துச் செல்லும் வாய்க்கால்கள், சுடுகாடு, கம்மாணச்சேரி, ஈழச்சேரி, பறைச்சேரி என அப்பட்டியல் செல்லும். தீண்டாச்சேரி என்ற சொல்லும் தஞ்சைச் சாசனத்திலே உண்டு. வரி விதிக்கத்தக்க விளைச்சல் இல்லாத இடங்கள் என்ற ஒரே காரணத்தால் கோயிலும் குளமும் சுடுகாடும் சேரியும் அங்கு ஒரே வரிசையில் நிற்கின்றன. விளைச்சலுக்குத் தம் உழைப்பை ஈந்தோர் வாழ்ந்த இடம், விளைச்சல் இல்லாத இடம் என்ற வகையிலேயே கல்லில் ஏறியிருக்கின்றது. கொத்தும் தட்டும் ஆகிய வேலைகளால் இத்தகைய கோயில்களை ஆக்கித்தந்த கம்மாளரும் ஊரின் நடுவே அன்றித் தமக்கென ஒதுக்கப்பட்ட சேரியிலேயே வாழ்ந்தனர் என்பதையும் இதே பட்டியல் சொல்கின்றது.

பேர்ட்டன் ஸ்ரைன் 1980 இல் வெளியிட்ட நூலிலே, சோழ அரசை மையப்படுத்தப்பட்ட பேரரசாகக் கொள்வதை மறுத்து, அரசனின் மேலாண்மை பெரும்பாலும் சடங்குநிலைப்பட்டதே என வாதித்தார். சாஸ்திரியாரின் பேரரசுச் சித்திரத்தை அசைத்தமைக்காக அவருக்கு நாம் கடப்பாடுடையோம். ஆனால் ஊர் ஊராகப் பெயர் சொல்லி, நிலம் இவ்வளவு, கழித்தது இவ்வளவு, செலுத்தவேண்டிய நெல் இவ்வளவு என எழுதப்பட்டிருக்கும் ஒரு சுவரின் முன்னே நின்றுகொண்டு, இங்கு நடப்பது சடங்கு மட்டுமே என்று எவ்வாறு கூறமுடியும்? சடங்கு இருந்தது, அச்சடங்கு நெல் தின்றது. கராஷிமா முதலியோர் சாசனங்களைக் கணித முறையில் ஆராய்ந்து ஸ்ரைன் கொள்கையின் குறைகளைச் சுட்டியிருப்பதால் அதனை இங்கு விரிக்க வேண்டியதில்லை.

கோயில் நெல் பெறும் நிறுவனமாக மட்டும் இருக்கவில்லை. கடன் கொடுக்கும் நிறுவனமாகவும் அது இருந்தது. கோயிற் பண்டாரத்துக் காசு ஊர்ச்சபைகளுக்கும் தஞ்சாவூர் வணிகருக்கும் வழங்கப்பட்டு, காசு ஒன்றுக்கு ஆண்டொன்றுக்கு அரைக்காற் காசு பொலிசையாகப் பெறப்பட்டது. நூற்றுக்குப் பன்னிரண்டரை வீத வட்டி அது. பிள்ளையாருக்கு நாள்தோறும் படைக்கப்படும் வாழைப்பழங்கூட, வணிகரிடம் இருந்த காசின் வட்டியாகவே வந்தது. விளக்குகளுக்கு ஆடும் மாடும் விடப்பட்டன. ஒரு விளக்குக்குத் தொண்ணூற்றாறு ஆடு. அவற்றைப் பொறுப்பேற்ற இடையன் நாளொன்றுக்கு உழக்கு நெய் அளக்கவேண்டும். அவனுடைய பெயரும் அவனுக்குப் பிணைநின்ற உறவினர் பெயரும் சாசனத்திலே குறிக்கப்படும். இவ்வாடுகளைச் 'சாவா மூவாப் பேராடு' என்பது சாசன வழக்கு. இறந்தவற்றின் இடத்தைப் பிறந்தவை நிரப்பும் என்பது அதன் கருத்து. கோயிலின் கணக்கிலே ஆடு சாகாது. கோமாரி வந்து மந்தை அழிந்தாலும் இடையனின் கடன் சாகாது. புலவர் எவரும் பாடாத இச்சொற்றொடர், பல மெய்க்கீர்த்திகளிலும் பார்க்கச் சோழ அரசின் இயல்பை நன்கு உணர்த்துவது என்பது எமது எண்ணம்.

இனிக் கலைஞரிடம் வருவோம். கோயிலிலே பணிபுரிவதற்காகச் சோழமண்டலத்துப் பல்வேறு தளிகளிலிருந்தும் தளிச்சேரிப் பெண்டுகள் நானூற்றுவர் தஞ்சைக்குக் கொண்டுவந்து குடியேற்றப்பட்டனர். திருவையாறு, திருவாரூர், பழையாறை, நாகப்பட்டினம் எனப் பல ஊர்களின் பெயர்கள் வருகின்றன. கோயிலைச் சூழ அமைந்த தளிச்சேரித் தெருக்களில், எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு, அவ்வீட்டிற்குரியவள் எத்தளியிலிருந்து வந்தவள், பெயர் யாது என்பனவற்றை ஒன்று விடாது சாசனம் குறிக்கின்றது. ஒவ்வொருத்திக்கும் ஒரு பங்கு. பங்கு ஒன்றென்பது ஒரு வேலி நிலத்தின் வருவாயாகிய நூறு கலம் நெல். ஒருத்தி இறந்தாலோ ஊரைவிட்டு நீங்கினாலோ அவளுக்கு அண்மைய உறவினர் அப்பங்கைப் பெற்றுப் பணிசெய்யவேண்டும். தகுதியுடையோர் இல்லாவிடிற் பிறரைத் தெரிந்து அமர்த்தவேண்டும்.

நானூறு பெண்களுக்கு ஆண்டொன்றுக்கு நாற்பதினாயிரம் கலம் நெல் என்றால், நானூறு வேலி நிலத்து உழவரின் உபரி முழுவதும் ஆடலுக்கும் அதனோடு சார்ந்த பணிக்கும் சென்றது என்று பொருள். பரதம் வளர்ந்ததென்று இதனைக் கூறலாம், அது பொய்யன்று. ஆனால் இதனால் ஆரூர்த் தளியிலும் நாகப்பட்டினத்துத் தளியிலும் ஆடலின் நிலை என்னவாயிற்று என்று எவரும் கேட்பதில்லை. புரவலம் என நாம் போற்றுவதன் பெரும்பகுதி, ஏற்கெனவே ஊர்தோறும் பரந்து வளர்ந்திருந்த கலைவளத்தை ஒரு நகரத்திற்குள்ளே திரட்டிக்கொண்டமையேயாகும். ஊற்றுகளை அரசன் தோண்டவில்லை. அவற்றின் நீரைத் தன் ஏரிக்குத் திருப்பிக்கொண்டான்.

அப்பெண்களை அடிமைகள் என்று வகைப்படுத்திவிட்டுச் செல்வதும் பொருந்தாது. வீடும் பங்கும் வாரிசுரிமையும் உடைய இவர்களின் நிலை, வயலில் உழைத்த பெண்ணின் நிலையிலும் பார்க்கப் பலமடங்கு உயர்ந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே எழுந்த தேவதாசிப் பிரச்சினையையும் 1947 இன் சென்னைச் சட்டத்தையும் பதினோராம் நூற்றாண்டின்மேல் ஏற்றிப் பார்ப்பது வரலாற்று நோக்காகாது. ஆயினும் பங்கு என்பது விரும்பியபோது விட்டு விலகக்கூடிய கூலியாக இருந்ததில்லை. நிலத்தோடு உழவன் பிணிக்கப்பட்டிருந்தவாறே, பங்கோடு ஆடல் மகளின் குடும்பமும் பிணிக்கப்பட்டது. கலை, பரம்பரைக் கடமையாக உறைகின்றது.

இதே சாசனத்திலே நட்டுவர், பாடுவோர், மத்தளம் கொட்டுவோர், வீணை வாசிப்போர் ஆகியோரை அடுத்து விளக்கேற்றுவோர், குடை பிடிப்போர், குயவர், வண்ணத்தார், நாவிதர், தையற்காரர், தட்டார், கணக்கர் எனப் பலரும் வருகின்றனர். நட்டுவருக்கு ஆளுக்கு இரண்டு பங்கு. குஞ்சரமல்லன் என்னும் தச்சனும் இப்பட்டியலில் ஒருவன். அவன் பட்டப்பெயர் இராசராசப் பெருந்தச்சன். பெருங்கோயிலின் சிற்பி இவனே என அறிஞர் கொண்டாடுவர். கொண்டாடத்தக்கவனே. ஆனால் அவன் எவ்வாறு அழைக்கப்படுகின்றான் என்பதை நோக்குக. அவனுடைய கலைத்திறனுக்கு அரசன் அளித்த மிக உயர்ந்த பரிசு அரசனின் பெயர். அத்துடன் இராசராசப் பெருநாவிசன் என்ற பட்டமுடைய நாவிதன் ஒருவனும் அதே பட்டியலில் இடம்பெறுகின்றான். சிற்பியை நாவிதனோடு சேர்த்துவிட்டனரே என இக்கால இரசிகர் மனம் புண்படலாம். மத்தியகாலச் சமூகத்திலே கலை வேறு பணி வேறு என்ற பிரிவு இருக்கவில்லை. இருவரும் பங்கு பெறும் ஊழியரே. தனித்த ஆளுமை படைத்த கலைஞன் என்ற கருத்து முதலாளித்துவச் சந்தை தோன்றிய பின்னர் உருவானது. அதனைத் தஞ்சையில் தேடுவது, நாம் மேலே கண்டித்த காலவழுவை எதிர்த்திசையிற் செய்வதேயாகும்.

இலக்கிய மாணாக்கர் என்ற வகையில் எமக்கு மேலும் முக்கியமாவது பாட்டும் நாடகமும் ஆகும். திருப்பதியம் பாடுவதற்குப் பிடாரர் நாற்பத்தெண்மரும் உடுக்கையும் கொட்டிமத்தளமும் வாசிப்பதற்கு இருவருமாக ஐம்பதின்மரை இராசராசன் அமர்த்தினான். ஆளுக்கு நாளொன்றுக்கு மூன்று குறுணி நெல். ஆண்டுக் கணக்கிலே இது தொண்ணூறு கலமளவில் வருவதால், பாடுவோனின் ஊதியம் ஆடுவோளின் பங்கிலும் சற்றுக் குறைந்தது. தேவாரத்தைத் தேடிக் கண்டெடுத்தவன் இராசராசன் என்ற மரபுக்கதையைத் திருமுறைகண்ட புராணம் நிலைநிறுத்தியது. ஆயின் ஒன்பதாம் நூற்றாண்டுப் பல்லவர் காலத்துத் திருவல்லச் சாசனத்திலேயே திருப்பதியம் பாடுவோர் குறிக்கப்படுகின்றனர். ஊர்க்கோயில்களிலே ஓதுவோர் வாய்வழியாகக் காத்துவந்த பாடல்களுக்கு அரசன் 'காவலன்' ஆகிவிடுகின்றான். கொடையின் பெயரால் உரிமை இடம்மாறும் முறைக்கு இதனிலும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

நாடகத்தின் கதையோ வேறுவிதமானது. இரண்டாம் இராசேந்திரனின் 6 ஆம் ஆட்சியாண்டில், இக்கோயிலின் வைகாசித் திருவிழாவிலே இராசராசேச்சுர நாடகம் ஆடுவதற்காகச் சாந்திக்கூத்தன் ஒருவனுக்கு ஆண்டொன்றுக்கு நூற்றிருபது கலம் நெல் நிவந்தமாக்கப்பட்டது. அந்நாடகம் எமக்குக் கிடைக்கவில்லை. ஒரு வரிதானும் எஞ்சவில்லை. நூற்றிருபது கலம் மட்டும் எஞ்சியிருக்கின்றது. பேரரசு தன் பெருமையைக் கூறுமாறு ஆக்குவித்த நாடகத்தை மக்கள் நினைவிலே வைத்திருக்கவில்லை. அதற்கு மூன்று நான்கு நூற்றாண்டு முற்பட்ட அப்பர் பாடலையும் சம்பந்தர் பாடலையும் ஊரூராகச் சுமந்து வந்தனர். தஞ்சைப் பெருங்கோயில் தேவாரப் பாடல்பெற்ற தலங்களுள் ஒன்றன்று; கருவூர்த்தேவரின் திருவிசைப்பாப் பதிகமே அதற்குண்டு. நாயன்மார் காலடி பட்ட ஆரூரும் தில்லையும் அரசுகள் மாறிய பின்னரும் மக்கள் தலங்களாக நிலைத்தன. தஞ்சையிலோ, முதலாம் இராசேந்திரன் தலைநகரைக் கங்கைகொண்டசோழபுரத்திற்கு மாற்றிய பின்னர், சோழர் சாசனங்கள் மிக அருகிவிடுகின்றன. அரசு எழுந்து சென்றதும் கொடையும் கூடவே எழுந்து சென்றது.

இவ்வளவும் கூறியபின், கோயிலின் கலையழகு எங்கே நிற்கின்றது என்ற வினா எஞ்சுகின்றது. இதனைத் தட்டிக்கழிக்கும் மார்க்சியம் மார்க்சியமாகாது. 1931 இலே எஸ். கே. கோவிந்தசாமி நாயக்கர் காலத்து ஓவியங்களின் அடியிலே கண்டுபிடித்த சோழர் ஓவியங்களை நோக்குவோர் எவரும், திரிபுராந்தகரின் சினந்த விழியையும் சுந்தரர் கயிலை செல்லும் வேகத்தையும் நெற்கணக்கினால் விளக்கிவிட முடியாது என்பதை உணர்வர். ஆனால் அரசனின் கொடையாலும் அவற்றை விளக்கிவிட முடியாது. ஓவியனின் கைக்குப் பின்னே தலைமுறைகளின் பயிற்சி இருக்கின்றது. பத்தாம் நூற்றாண்டின் பிற்பாதியிலே செம்பியன் மாதேவியார் செங்கற் கோயில்கள் பலவற்றைக் கற்றளிகளாக்கிய காலத்தில், ஊர் ஊராகச் சிறு சிறு கோயில்களிலே கல்லையும் செம்பையும் பழகிய தச்சர் கூட்டமே தஞ்சைக்கு வந்துசேர்ந்தது. சமூக உழைப்பு பல தலைமுறையாகச் சேர்த்துவைத்த அத்திறமையே இக்கலையின் உண்மையான முதல். இராசராசன் அதற்குச் சேர்த்தது அளவு. அளவும் ஒரு கருத்தே என்பதை மறுக்கமாட்டோம்: சூழவுள்ள சமவெளியில் எங்கிருந்து நோக்கினும் தெரியுமாறு எழுந்த விமானம், அரசு எங்கும் உண்டு என்பதைச் சொல்லாமற் சொல்வது. ஆனால் உயரத்தைக் கண்டு வியப்போர் அடித்தளத்தின் வரிகளை நின்று பார்ப்பதில்லை. சாசனம் ஓடும் அவ்வரிகளின் ஒழுங்கிலேதான் தச்சனின் மனம் இருக்கின்றது என்பது எமது அபிப்பிராயம்.

விமானத்தின் மேல்தளத்திலே கரணச் சிற்பங்கள் உள்ளன. நூற்றெட்டுக் கரணங்களுக்கும் இடம் வகுக்கப்பட்டு, எண்பத்தொன்று மட்டும் செதுக்கப்பட்டன. எஞ்சிய இருபத்தேழு கற்களும் வெறுமையாக நிற்கின்றன. அங்கு ஆடுபவன் நான்கு கரங்களையுடைய சிவன். கீழே நானூறு பெண்கள் பழகிய அசைவுகள், மேலே ஆண் தெய்வத்தின் உடலிலே கல்லாகின்றன. சுற்றுப்பாதை ஓவியங்களில் ஆடல் மகளிர் உண்டெனினும் அவர்கள் பெயரற்ற வானமகளிர். பெயருடைய பெண்களுக்கு உருவமில்லை. உருவமுடைய பெண்களுக்குப் பெயரில்லை.

ஈழத்தவராகிய எமக்கு இவ்விடயத்தில் ஒரு தனிப்பொறுப்பும் உண்டு. 993 அளவிலே தொடங்கிய படையெடுப்பின் பின், ஈழம் மும்முடிச்சோழமண்டலம் எனப் பெயர்பெற்றது. ஈழமண்டலத்து ஊர்கள் சில, ஆண்டுதோறும் நெல்லும் காசும் இலுப்பைப்பாலும் தஞ்சைக் கோயிலுக்கு அளிக்குமாறு விதிக்கப்பட்டன. மாதோட்டத்திலே தாழிகுமரன் என்பவன் இராசராசேச்சுரம் எடுத்தான். அச்சாசனம் கொழும்பு நூதனசாலையில் உள்ளது. திருகோணமலைக்கு அண்மையிலுள்ள வெல்கம் விகாரை இராசராசப் பெரும்பள்ளி எனப்பட்டது. நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்திற்கு ஆனைமங்கலம் அளிக்கப்பட்டதும் அதே அரசனால். எமது பக்கத்திலே சிலர் தஞ்சையைத் தம் மூதாதையரின் வெற்றியாகக் கொண்டாடுவர். மறுபக்கத்திலே சிலர் அநுராதபுரத்தின் அழிவை மட்டும் நினைவிற்கொண்டு சோழரைத் தமிழ்ப்பகையின் தொடக்கமாகக் காட்டுவர். பள்ளிக்குக் கொடுத்ததும் விகாரத்திற்குக் கொடுத்ததும் சமயப்பொறையென்று வேறு சிலர் எழுதுவர்; நாகப்பட்டினமும் திருகோணமலையும் கீழைக்கடல் வாணிகத்தின் துறைகள் என்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர். ஈழத்து ஊரிலே நெல்லையும் இலுப்பைப்பாலையும் கொடுத்தவன் பேசிய மொழி எதுவாயினும், அவன் அளந்து கொடுத்தவற்றால் வளர்ந்தது அவன் ஒருபோதும் காணாத ஒரு கோயில். காவிரிக்கரை உழவனும் அவனும் ஒரே கணக்கின் இரண்டு வரிகள். இக்கணக்கை வாசிக்கத் தெரியாதபோதுதான் இனப்பெருமையும் இனப்பகையும் வரலாறாக எழுதப்படுகின்றன.

2010 இலே கோயிலின் ஆயிரமாம் ஆண்டு தமிழக அரசினாற் கொண்டாடப்பட்டபோது, ஆயிரம் நடனக் கலைஞர் ஒருங்கே ஆடினர். ஆயிரம் என்ற எண், அன்றைய நானூற்றை வெல்வதுபோல இருந்தது. அரசன் புகழ் மேடையிற் பேசப்பட்டது. தெற்குத் தளிச்சேரியின் தென்சிறகு பேசப்பட்டதாக நாம் அறியோம்.

அச்சிறகின் முதல் வீடு சேரமங்கை என்பவளுக்குரியது. திருவையாற்று உலோகமாதேவி ஈச்சுரத்திலிருந்து கொண்டுவரப்பட்டவள். அதே பட்டியலில் ஏகவீரி என்றொருத்தி, எடுத்தபாதம் என்றொருத்தி எனப் பெயர்கள் தொடர்கின்றன. சேரமங்கைக்குப் பங்கு ஒன்று. நெல் நூறு கலம். அளக்கும் மரக்கால் ஆடவல்லான்.